மாதவிடாய்ச் சுழற்சியின் கட்டங்களும் அவற்றோடு இசைந்த வாழ்வும்

மாதவிடாய்ச் சுழற்சி என்பது பெண்ணின் சூலகங்களிலும் கருப்பையிலும் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை நிகழும் மாற்றங்களின் தொடர் ஆகும். குருதி வெளியேறும் சில நாட்கள் இத்தொடரின் ஒரு கட்டம் மட்டுமே. எஞ்சிய நாட்களில் சினைமுட்டை முதிர்கிறது, வெளிப்படுகிறது, கருவைத் தாங்கக் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. கரு உண்டாகாதபோது அந்த உட்சுவர் உதிர்ந்து குருதியுடன் வெளியேறுகிறது. இவற்றை இயக்கும் ஹார்மோன்கள் உடல் வெப்பம், பசி, உறக்கம், மனநிலை, வலி உணர்வு ஆகியவற்றையும் ஓரளவு மாற்றுகின்றன.

இம்மாற்றங்களை அறிந்து அன்றாட வாழ்வை அமைத்துக்கொள்வதே 'சுழற்சியோடு இசைந்த வாழ்வு' எனப்படுகிறது. அண்மைக் காலத்தில் இதன் பெயரால் எல்லாப் பெண்களுக்கும் பொதுவான உணவுப் பட்டியல்களும் உடற்பயிற்சி அட்டவணைகளும் பரவியுள்ளன. ஆனால் சுழற்சி ஆளுக்கு ஆள் வேறுபடுவது. ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் வேறுபடக்கூடியது. எனவே பொது அட்டவணையைப் பின்பற்றுவதைவிடத் தன் சுழற்சியைத் தானே கவனித்து அறிவதே இசைந்த வாழ்வின் அடிப்படை.

சுழற்சியின் நாட்கணக்கு

குருதிப்போக்கு தொடங்கும் நாள் சுழற்சியின் முதல் நாளாகக் கொள்ளப்படுகிறது. அடுத்த குருதிப்போக்கு தொடங்குவதற்கு முந்தைய நாளுடன் ஒரு சுழற்சி முடிகிறது.

பாடநூல்கள் விளக்க வசதிக்காக 28 நாள் சுழற்சியை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. இதனால் 28 நாளுக்கு ஒருமுறை வராவிட்டால் குறைபாடு என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அது சரியன்று. வயது வந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாட்கள் வரை இயல்பான இடைவெளியாகக் கொள்ளப்படுகிறது. பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாட்கள் வரை இடைவெளி இருக்கலாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, கைப்பேசிச் செயலியில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தது. அதில் சராசரி நீளம் 29.3 நாட்கள். சினைமுட்டை வெளிப்படும்வரை உள்ள பகுதி சராசரியாக 16.9 நாட்கள், அதற்குப் பின் உள்ள பகுதி 12.4 நாட்கள். இவை சராசரிகளே. தனித்தனிச் சுழற்சிகள் இவற்றிலிருந்து பல நாட்கள் விலகியிருந்தன.

குருதிப்போக்கு பொதுவாக 2 முதல் 7 நாட்கள் நீடிக்கும். ஒரு மாதவிடாயில் வெளியேறும் குருதியின் அளவு சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர். 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் அது மிகை குருதிப்போக்கு எனப்படுகிறது.

சுழற்சியை இயக்கும் ஹார்மோன்கள்

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், அதன் கீழ் அமைந்த பிட்யூட்டரி சுரப்பி, சூலகங்கள் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி இச்சுழற்சியை நடத்துகின்றன. ஹைப்போதலாமஸின் தூண்டுதலால் பிட்யூட்டரி இரு ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஒன்று சூலகத்தில் சினைமுட்டைகளைக் கொண்ட நுண்ணறைகளை வளர்ப்பது. மற்றொன்று முதிர்ந்த நுண்ணறையை வெடிக்கச் செய்து சினைமுட்டையை வெளிப்படுத்துவது. வளரும் நுண்ணறை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. முட்டை வெளிப்பட்டபின் வெறுமையான நுண்ணறை 'கார்ப்பஸ் லூட்டியம்' எனும் மஞ்சள் நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது.

ஹைப்போதலாமஸ் உடலின் பொது நிலையையும் உணரும் பகுதி. கடும் மன உளைச்சல், திடீர் எடைக் குறைவு, போதிய உணவின்றிச் செய்யும் கடும் பயிற்சி, காய்ச்சல் ஆகியவை அதன் தூண்டுதலைக் குறைக்கக்கூடும். அப்போது சினைமுட்டை வெளிப்படுவது தள்ளிப்போகிறது. மாதவிடாயும் அதற்கேற்பத் தாமதமாகிறது. தேர்வுக் காலத்தில் மாணவியர் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

நான்கு கட்டங்கள்

1. மாதவிடாய்க் கட்டம்

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் தாழ்ந்திருக்கும் நாட்கள் இவை. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது அங்கு புரோஸ்டாகிளாண்டின் எனும் வேதிப்பொருட்கள் உண்டாகின்றன. இவை கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்து உதிர்ந்த திசுவை வெளியேற்றுகின்றன. இவை மிகுதியானால் அடிவயிற்று வலி, இடுப்பு வலி, குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியன ஏற்படுகின்றன.

வலி பொதுவாக முதல் இரண்டு நாட்களில் மிகுந்திருக்கும். அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்நாட்களில் ஓய்வு தேவைப்படுவோர் ஓய்வெடுக்கலாம். நடக்கவோ விளையாடவோ விரும்புவோர் அவ்வாறே செய்யலாம். மாதவிடாயின்போது உடற்பயிற்சி செய்வதால் கருப்பைக்குத் தீங்கு எதுவும் இல்லை.

2. நுண்ணறை வளரும் கட்டம்

பாடநூல்களில் பாலிக்குலார் நிலை எனப்படுவது இது. கணக்கின்படி மாதவிடாயின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. சூலகத்தில் பல நுண்ணறைகள் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று முந்துகிறது. ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக உயர்ந்து கருப்பையின் உட்சுவரைப் புதுப்பிக்கிறது.

குருதிப்போக்கு நின்றபின் வரும் இந்நாட்களில் பலர் உடலில் தெம்பையும் மனத்தில் தெளிவையும் உணர்கின்றனர். வலி நீங்கியதும் உறக்கம் சீரானதும் இதற்குத் துணை செய்கின்றன. சுழற்சியின் நீளம் மாதத்துக்கு மாதம் மாறுவதற்குப் பெரும்பாலும் இக்கட்டமே காரணம்.

3. சினைமுட்டை வெளிப்படும் கட்டம்

ஈஸ்ட்ரோஜன் உச்சத்தை எட்டும்போது பிட்யூட்டரியின் இரண்டாம் ஹார்மோன் திடீரெனப் பெருகுகிறது. இப்பெருக்கம் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாளில் சினைமுட்டை வெளிப்படுகிறது. வெளிப்பட்ட முட்டை 12 முதல் 24 மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருக்கும். விந்தணு பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிர்வாழக்கூடும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள்.

இந்நாட்களில் கருப்பை வாயின் சுரப்பு முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வழவழப்பாகவும் இழுபடும் தன்மையுடனும் இருக்கும். இது நோயன்று. நாற்றம், அரிப்பு, பச்சை நிறம் ஆகியவற்றுடன் வரும் வெள்ளைப்படுதலே மருத்துவம் தேவைப்படுவது. சிலருக்கு ஒருபக்க அடிவயிற்றில் சில மணி நேரம் வலி ஏற்படுவதும் உண்டு.

1920களில் ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் கினாவுசும், சினைமுட்டை அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன் வெளிப்படுகிறது எனத் தனித்தனியே கண்டறிந்தனர். மாதவிடாய்க்கும் கருத்தரிப்புக்கும் உள்ள தொடர்பு பழந்தமிழ் மரபிலும் கருதப்பட்டது. பரத்தையிற் பிரிவுக் காலத்திலும் தலைவி பூப்பெய்திய பன்னிரு நாட்களில் தலைவன் அவளை நீங்கி உறைதல் கூடாது எனத் தொல்காப்பியக் கற்பியல் கூறுகிறது.

4. லூட்டியல் கட்டம்

கார்ப்பஸ் லூட்டியம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் காலம் இது. உடல் வெப்பநிலை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றல் சற்றுக் கூடுவதால் பசி மிகலாம். குடலின் இயக்கம் மந்தமாகி மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் ஏற்படலாம். மார்பகங்களில் கனமும் வலியும் தோன்றலாம். கரு உண்டாகாவிட்டால் இரு ஹார்மோன்களும் சரிந்து மாதவிடாய் தொடங்குகிறது.

இக்கட்டத்தின் கடைசி வாரத்தில் எரிச்சல், அழுகை, சோர்வு, உறக்கக் குலைவு ஆகியன பலருக்கு வருகின்றன. இவை மாதவிடாய் தொடங்கியதும் நீங்கினால் மாதவிடாய்க்கு முந்தைய அறிகுறித் தொகுப்பு எனப்படும். அன்றாட வாழ்வையும் உறவுகளையும் குலைக்கும் அளவுக்குக் கடுமையான மனத்தளர்ச்சி மாதந்தோறும் வருவது தனி நோயாகும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் தன் நோய் வகைப்பாட்டில் இதை மனச்சோர்வு நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இதற்குப் பயனளிக்கும் மருந்துகள் உள்ளன. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்ற அறிவுரை இதற்குப் போதாது.

சுழற்சியோடு மாறும் பிற நோய்கள்

ஹார்மோன்களின் ஏற்றத்தாழ்வு ஏற்கெனவே உள்ள சில நோய்களின் போக்கையும் மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் சரியும்போது, மாதவிடாய்க்கு ஓரிரு நாள் முன்போ பின்போ, ஒற்றைத் தலைவலி தாக்குவது பரவலாகக் காணப்படுகிறது. வலிப்பு நோயுள்ள பெண்கள் சிலருக்குக் குறிப்பிட்ட நாட்களில் வலிப்பு மிகுகிறது. ஆஸ்துமா உள்ளோர் சிலருக்கு மாதவிடாயை ஒட்டி மூச்சிரைப்பு கூடுகிறது. இன்சுலின் எடுத்துக்கொள்ளும் சிலருக்கு லூட்டியல் கட்டத்தில் சர்க்கரை அளவு உயர்கிறது. இத்தகையோர் நோயின் தாக்குதல் நாளையும் சுழற்சியின் நாளையும் சேர்த்துக் குறித்து மருத்துவரிடம் காட்டினால், மருந்தின் அளவையோ நேரத்தையோ அதற்கேற்ப அமைக்க இயலும்.

சுழற்சியைக் குறித்துவைத்தல்

சுழற்சியை அறிவதற்கு நாட்காட்டியும் பேனாவும் போதும். நாள்தோறும் கீழ்க்காணும் சிலவற்றை ஓரிரு சொற்களில் குறிக்கலாம்.

- குருதிப்போக்கு உண்டா, குறைவா, மிகுதியா
- வலி 0 முதல் 10 வரை எந்த அளவு, மாத்திரை தேவைப்பட்டதா
- உறக்கம் எத்தனை மணி நேரம்
- மனநிலையும் சோர்வும்
- கருப்பை வாய்ச் சுரப்பின் தன்மை
- தலைவலி போன்ற பிற தொல்லைகள்

மூன்று சுழற்சிகளுக்குக் குறித்தால் ஒருவரின் போக்கு ஓரளவு புலப்படும். 'மாதவிடாய் வரும் முன் எனக்கு எப்போதும் கோபம் வரும்' என்று நினைப்பவர், குறிப்பைப் பார்த்தபின் கோபம் மாதம் முழுவதும் பரவியிருப்பதைக் காணலாம். அப்போது காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். மாறாக, 'எனக்கு ஒன்றும் தெரிவதில்லை' என்பவர் ஒவ்வொரு முறையும் 24ஆம் நாளில் உறக்கம் கெடுவதைக் கண்டுகொள்ளலாம். மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறை உறுதிசெய்ய மருத்துவர்களும் குறைந்தது இரு சுழற்சிகளின் நாட்குறிப்பையே கேட்கின்றனர்.

கைப்பேசிச் செயலிகள் இதற்கு உதவுகின்றன. ஆனால் அடுத்த மாதவிடாயையோ முட்டை வெளிப்படும் நாளையோ அவை கணிப்பது முந்தைய மாதங்களின் அடிப்படையில்தான். ஒரு காய்ச்சலோ பயணமோ அக்கணிப்பைப் பொய்யாக்கக்கூடும். ஆகவே அக்கணிப்பை மட்டும் நம்பிக் கருத்தடை செய்வது ஆபத்தானது. உடல்நலத் தகவல்களைச் செயலி யாரிடம் பகிர்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டவணை முறையும் சான்றுகளும்

ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி உணவு, தனிப் பயிற்சி, தனிப் பணித்திட்டம் எனும் முறையை அமெரிக்காவின் அலிசா விட்டி 2013இல் வெளியிட்ட 'உமன்கோட்' நூல்வழிப் பரப்பினார். பின்னர் சமூக ஊடகங்களில் இது பெரும் போக்காக வளர்ந்தது. 2019 உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க மகளிர் கால்பந்து அணி வீராங்கனையரின் சுழற்சியைக் கவனித்துப் பயிற்சியளித்த செய்தியும் இதற்கு வலுச் சேர்த்தது.

இதற்கான சான்றுகள் கலவையானவை. உடற்பயிற்சித் திறன் குறித்த 78 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்வு, மாதவிடாயின் தொடக்க நாட்களில் திறன் மிகச் சிறிதளவு குறையலாம் எனக் கண்டது. அவ்வேறுபாடு அற்பமானது என்றும், எல்லோருக்கும் பொதுவான பரிந்துரை செய்ய இயலாது என்றும், ஒவ்வொருவரின் அனுபவத்தை வைத்தே பயிற்சியை அமைக்க வேண்டும் என்றும் அது முடிவு கூறியது. குறிப்பிட்ட விதைகளைக் குறிப்பிட்ட நாட்களில் உண்டால் ஹார்மோன்கள் சமநிலை அடையும் என்ற கருத்துக்கும் உறுதியான சான்று இல்லை.

இம்முறையில் பயனுள்ள கூறும் உண்டு. உடல் எல்லா நாளும் ஒரே அளவில் இயங்குவதில்லை என்பதையும், அதற்கேற்பத் திட்டமிடலாம் என்பதையும் அது நினைவூட்டுகிறது. ஆனால் 'இந்த வாரம் கடினமான வேலை செய்யக்கூடாது', 'இந்த நாட்களில் முடிவெடுக்கக்கூடாது' என்று விதியாக மாறும்போது, பெண்களால் எல்லா நாட்களிலும் பொறுப்பேற்க இயலாது என்ற பழைய வாதத்துக்கே அது துணைபோகிறது. மாதவிடாய் நாட்களில் தேர்வெழுதிச் சிறந்த மதிப்பெண் பெறுவோரும், போட்டிகளில் பதக்கம் வெல்வோரும் உண்டு. வலியால் எழுந்திருக்க இயலாதோரும் உண்டு. இரு நிலைகளும் உண்மையே.

உணவும் இரும்புச்சத்தும்

சுழற்சி தொடர்பான உணவுக் கேள்விகளுள் இந்தியப் பெண்களுக்கு முதன்மையானது இரும்புச்சத்து. ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை உள்ளது. தமிழ்நாட்டில் இது 53.4 விழுக்காடு. மாதந்தோறும் குருதியை இழக்கும் உடலுக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவைப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் தேவை.

குருதிச்சோகையால் வரும் சோர்வு, மூச்சுவாங்கல், தலைசுற்றல், கவனக்குறைவு ஆகியவற்றைச் சுழற்சியின் இயல்பான சோர்வாக எண்ணி விட்டுவிடுவது பரவலாக நிகழ்கிறது. மாதம் முழுவதும் சோர்வு நீடித்தால் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிப்பது முதல் வேலை.

கம்பு, கேழ்வரகு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கீரைகள், எள், மீன், ஆட்டு ஈரல் ஆகியவற்றிலிருந்து இரும்புச்சத்து கிடைக்கிறது. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஈர்க்கும். சுண்டலில் எலுமிச்சைச் சாறு பிழிவது, உணவுடன் நெல்லிக்காய் அல்லது கொய்யா உண்பது ஈர்ப்பைக் கூட்டும். உணவுடன் தேநீர், காப்பி குடிப்பது ஈர்ப்பைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் உண்டால் குமட்டல் குறையும். மலம் கருமையாவது இம்மாத்திரையின் இயல்பான விளைவு.

பூப்படைந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்த உளுந்தங்களி கொடுப்பது தமிழகத்தில் நெடுநாள் வழக்கம். உளுந்து புரதமும் ஆற்றலும் தருவதால் வளரும் பெண்ணுக்கு இது நல்ல உணவே. ஆனால் பூப்பெய்திய சில நாட்களுக்கு மட்டும் சிறப்பு உணவு கொடுத்துவிட்டு, பிறகு வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கம் தொடர்ந்தால் பயன் இல்லை. சத்துணவு எல்லாக் கட்டங்களிலும் தேவை.

உறக்கமும் இயக்கமும்

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 45 முதல் 60 நிமிடம் வரை தொடர்ந்து உடற்பயிற்சி செய்வோருக்கு மாதவிடாய் வலி குறையலாம் என ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. யோகாசனம், வேக நடை, நீச்சல், விளையாட்டு என எதுவாகவும் இருக்கலாம். எந்தக் கட்டத்தில் எந்தப் பயிற்சி என்பதைவிட மாதம் முழுவதும் விடாமல் செய்வதே முக்கியம். லூட்டியல் கட்டத்தில் உடல் வெப்பம் உயர்ந்திருப்பதால் சிலருக்கு உறக்கம் கெடும். காற்றோட்டமான அறையும், மாலைக்குப் பின் காப்பியைத் தவிர்ப்பதும் உதவும். கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீராங்கனைக்கு மாதவிடாய் நின்றுபோனால் அதைத் தகுதியின் அடையாளமாகக் கருதக்கூடாது. உடல் பெறும் உணவு பயிற்சிக்குப் போதவில்லை என்பதன் அறிகுறி அது. நீடித்தால் எலும்புகள் வலுவிழக்கும்.

வலியும் மருத்துவமும்

மாதவிடாய் வலி பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற எண்ணம் பல நோய்களை மறைத்துவிடுகிறது. ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பதால் வலி தொடங்கியவுடன் உட்கொண்டால் நன்கு வேலை செய்கின்றன. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளோர் மருத்துவரைக் கேட்டே இவற்றை எடுக்க வேண்டும். மற்றவர்களும் உணவுக்குப் பின், சொல்லப்பட்ட அளவில் மட்டும் எடுக்க வேண்டும். இம்மாத்திரைகள் கருப்பையைக் கெடுக்கும், பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற அச்சம் தேவையற்றது.

கருப்பை உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் எனும் நோய், உலகில் கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடும் வலியே இதன் முதன்மை அறிகுறி. 'எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே' என்று விட்டுவிடுவதால் இது பல ஆண்டுகள் தாமதமாகவே கண்டறியப்படுகிறது.

பின்வரும் நிலைகளில் மருத்துவரை அணுக வேண்டும்.

- மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து சில மணி நேரம் நனைதல், அல்லது பெரிய கட்டிகளாகக் குருதி வெளியேறுதல்
- 7 நாட்களுக்கு மேல் குருதிப்போக்கு நீடித்தல்
- மாத்திரைக்கும் அடங்காமல், பள்ளிக்கோ பணிக்கோ செல்ல விடாத வலி
- 15 வயதாகியும் பூப்படையாமை
- கருவுறாத நிலையில் மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராமை
- இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ, உடலுறவுக்குப் பின்போ, மாதவிடாய் நிரந்தரமாக நின்றபின்போ குருதிப்போக்கு
- மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுதல். இந்நிலையில் அடுத்த மாதவிடாய் வரை காத்திராமல் உடனே உதவி நாட வேண்டும்.

கட்டங்கள் பொருந்தாத நிலைகள்

கருத்தடை மாத்திரை உட்கொள்வோருக்குச் சினைமுட்டை பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. அவர்களுக்கு வரும் குருதிப்போக்கு மாத்திரையை நிறுத்தும் நாட்களில் ஏற்படுவது. ஆகவே மேற்கூறிய கட்டங்கள் அவர்களுக்குப் பொருந்தா. சூலக நீர்க்கட்டி நோய்த்தொகுப்பு உள்ளோர், பாலூட்டும் தாய்மார், பூப்படைந்து ஓரிரு ஆண்டுகளே ஆனோர், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குவோர் ஆகியோருக்கும் கட்டங்கள் ஒழுங்கின்றி அமையலாம். இவர்கள் நாட்காட்டிக்குத் தம்மைப் பொருத்த முயலாமல், அன்றன்றைய உடல்நிலையைக் கவனிப்பதே ஏற்றது.

நம்பிக்கைகள்

சுழற்சி நிலவின் பிறை வளர்வதையும் தேய்வதையும் பின்பற்றுகிறது என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. இரண்டின் கால அளவும் நெருங்கியிருப்பதே இதற்கு அடிப்படை. சேர்ந்து வாழும் பெண்களுக்கு மாதவிடாய் ஒரே நாட்களில் வரும் என்ற கருத்து, மார்த்தா மெக்ளின்டாக் 1971இல் அமெரிக்கக் கல்லூரி விடுதி மாணவியர் 135 பேரை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்றது. பின்னர் சீனாவில் விடுதியில் வாழ்ந்த 186 பெண்களை ஓராண்டுக்கு மேல் கவனித்து 2006இல் வெளியான ஆய்வு அவ்வாறு ஒன்றுபடுவதைக் காணவில்லை. வெவ்வேறு நீளமுள்ள சுழற்சிகள் அவ்வப்போது தற்செயலாக ஒரே நாளில் சந்திப்பது இயல்பு.

மாதவிடாயின்போது ஊறுகாயைத் தொட்டால் கெட்டுவிடும், செடி வாடும், தலைக்குக் குளிக்கக்கூடாது என்பனவற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. விலக்கு வழக்கம் தமிழ்நிலத்தில் பழமையானது. அந்நாட்களில் பெண்கள் கோயிலில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்பதைப் புறநானூற்றின் 299ஆம் பாடல் உவமையாகக் காட்டுகிறது. மாதவிலக்கு, தூரம், தீட்டு முதலிய பெயர்களும் ஒதுக்கி வைப்பதையே குறிக்கின்றன. ஒதுங்கியிருப்பது பெண்ணுக்கு ஓய்வு தருவதற்காக ஏற்பட்டது என்று கூறுவோர் உண்டு. ஓய்வு தேவைப்படும் பெண்ணுக்கு வீட்டினுள்ளே படுக்கையும் உணவும் கொடுப்பதற்குத் தீட்டு என்ற கருத்து தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, பூப்படைந்ததால் தனிக்குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த தஞ்சாவூர் மாவட்டச் சிறுமி ஒருத்தி தென்னை மரம் விழுந்து உயிரிழந்தாள்.

வீடு, பள்ளி, பணியிடம்

சுழற்சியோடு இசைந்து வாழ்வது தனிப்பெண்ணின் முயற்சியால் மட்டும் கைகூடுவதில்லை. நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது எளிய அறிவுரை. பள்ளிக் கழிவறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் குப்பைத்தொட்டியும் இல்லாவிட்டால் அதைப் பின்பற்ற இயலாது. துணி பயன்படுத்துவோர் அதைச் சோப்பால் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். பிறர் பார்வைக்கு அஞ்சி இருட்டு மூலையில் உலர்த்தினால் துணி ஈரம் தங்கித் தொற்றுக்கு இடமளிக்கும்.

இதில் தமிழ்நாட்டின் முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் குறைந்த செலவில் நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கிச் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் கொண்டுசேர்த்தார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வளரிளம் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்கும் 'புதுயுகம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2012இல் தொடங்கியது. 2018 ஜூலையில் நாப்கின்கள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி நாடு முழுவதும் நீக்கப்பட்டது.

பணியிடத்தில் நிலை வேறாக உள்ளது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட புலனாய்வில், தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் பணிபுரியும் ஏறத்தாழ 100 பெண்கள், மாதவிடாய் வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரைகள் ஆலைகளில் கொடுக்கப்பட்டதைக் கூறினர். ஓய்வு எடுத்தால் கூலி குறையும், உற்பத்தி இலக்கு தவறும் என்ற அச்சத்தில் அவற்றை அவர்கள் விழுங்கினர். சுழற்சிக்கேற்ப வேலையை அமைத்துக்கொள்ளுமாறு கூறும் அறிவுரைகள், தம் நேரத்தைத் தாமே வகுக்கக்கூடியவர்களுக்கே எளிதில் பொருந்தும். தையல் எந்திரத்தின் முன்னும் வயலிலும் கடைகளில் நின்றுகொண்டும் உழைக்கும் பெண்களுக்கு இசைந்த வாழ்வு என்பது கழிவறை இடைவேளை, உட்கார இருக்கை, கூலி பிடிக்கப்படாத விடுப்பு ஆகியவற்றில் தொடங்குகிறது.

மாதவிடாய் விடுப்பு சில இடங்களில் சட்டமாகவோ ஆணையாகவோ உள்ளது. ஜப்பான் 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே இதற்கு இடமளித்தது. பீகார் அரசு 1992 முதல் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் விடுப்பு தருகிறது. ஸ்பெயின் 2023இல் இதற்குச் சட்டம் இயற்றியது. கேரள அரசு 2023இல் பல்கலைக்கழக மாணவியருக்கு மாதவிடாயைக் கருதி வருகைப்பதிவில் தளர்வு அளித்தது. விடுப்பு கட்டாயமானால் பெண்களை வேலைக்கு எடுக்க நிறுவனங்கள் தயங்கும் என்ற எதிர்வாதமும் உண்டு. விடுப்பைத் தேவைப்படுவோர் தயக்கமின்றிக் கேட்கவும், தேவைப்படாதோர் இயல்பாக வேலையைத் தொடரவும் இடமிருக்கும் ஏற்பாடே சுழற்சியின் இயல்புக்குப் பொருந்துவது. ஒவ்வொரு பெண்ணின் சுழற்சியும் வேறு என்பதால் அவரவர் தேவையும் வேறாகவே இருக்கும்.